காதல் முறிந்தவன் கிளிநொச்சிக்கு வந்த கதை தெரியுமா?

2021ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் ஆறே ஆறு நாவல்கள்தான் இருந்தன. அந்த ஆறில் ஒன்றின் நாயகன் கொழும்பில் புகையிரதம் ஏறி எங்கே வந்து இறங்குகிறான் தெரியுமா? கிளிநொச்சியில்! ஆம், நம்முடைய கிளிநொச்சியில்தான்!

அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதிய 'எ பாசேஜ் நோர்த்' என்ற நாவல் அது. நாயகன் பெயர் கிரிஷன். அவனுடைய அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண் வன்னியில் இறந்துபோகிறாள். அவள் போரில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். அவளுடைய செத்தவீட்டுக்குத்தான் கிரிஷன் புறப்பட்டு வருகிறான். அதே நேரத்தில், முன்பு டெல்லியில் அவன் காதலித்துப் பிரிந்த அஞ்சும் என்ற பெண்ணிடமிருந்து பல காலத்துக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்கிறது. ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் முறிந்துபோன காதல், நடுவே வடக்கு நோக்கி ஓடும் புகையிரதம். நாவல் முழுவதும் இவ்வளவுதான்! வில்லன் இல்லை, சண்டை இல்லை, திடீர்த் திருப்பமும் இல்லை. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. காதலை இழந்த ஒருவனின் மனம் யன்னலோரத்தில் இருந்துகொண்டு எங்கெல்லாம் போய்வரும் என்பதை இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்ந்த நாவல்கள் அபூர்வம்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தக் காதல் முறிவு நாவலுக்குள் பெரியபுராணம் வருகிறது! கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டினாரே பூசலார், அந்தக் கதையைக் கிரிஷன் நினைத்துப் பார்க்கிறான். மேகத்தைத் தூது விட்ட காளிதாசனின் யட்சனும் அங்கே வருகிறான். இல்லாத ஒன்றை மனத்தால் கட்டி எழுப்புகிறவர்களுக்கும் பிரிந்த காதலர்களுக்கும் உள்ள உறவை அனுக் கண்டுபிடித்திருக்கும் விதம் என்னை இன்னமும் வியக்கவைக்கிறது.

அந்தப் புகையிரதத்துக்கே ஒரு பிரிவுக் கதை உண்டு, தெரியுமா? 1990இல் நின்றுபோன வடபகுதிச் சேவை, 2013 செப்டம்பர் 14ஆம் திகதிதான் மீண்டும் கிளிநொச்சியைத் தொட்டது. இடையில் 23 வருடங்கள்! பிறந்து, ஓ.எல், ஏ.எல் எல்லாம் எழுதி முடித்து, காதலித்து, கலியாணமும் முடித்த ஒரு தலைமுறை, சொந்த ஊரில் புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. கிரிஷன் ஏறிவருவது அப்படித் திரும்பக் கிடைத்த பாதையில்!

இதே எழுத்தாளரின் முதல் நாவலும் வன்னி மண்ணில்தான் நடக்கிறது என்பது தெரியுமா? 2016இல் வந்த 'த ஸ்ரோறி ஒஃப் எ பிறீஃப் மறேஜ்' அது. போரின் கடைசி நாட்கள். முகாமில் எறிகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. தினேஷ் என்ற இளைஞனிடம் ஒரு தகப்பன் வந்து, "என்ரை மகள் கங்காவைக் கலியாணம் செய்" என்று கேட்கிறார். ஒரு பகலும் ஓர் இரவும், அவ்வளவுதான் கதையின் காலம்! இந்த நாவல் 2017இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசை வென்றது. தாலி ஏறினால் பிள்ளைக்கு ஒரு காப்பு என்று நம்பி, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த காலம் ஒன்று வன்னியில் உண்மையாகவே இருந்தது. அந்த வயதில் காதல் என்றால் என்னவென்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்காக எழுதப்பட்ட காதல் நாவலாகவே நான் இதை வாசிக்கிறேன்.

சரி, ஆங்கிலத்தை விடுங்கள். தமிழில் வன்னியின் காதல் நாவல் எப்போது வந்தது தெரியுமா? ஐம்பது வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது! 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்தது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்புதான் கதைக்களம். காட்டுக் கிராமத்தில் வளர்ந்த பதஞ்சலி என்ற பெண். அவளுக்காகத் தகப்பனின் செல்வத்தையே உதறிவிட்டு வரும் கதிராமன். இவர்கள் இருவரின் உலகத்துக்குள் வெளியூரிலிருந்து வந்து சேரும் இளம் வாத்தியார் ஒருவன். முக்கோணக் காதல்தானே என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். சூது தெரியாமல் வளர்ந்த ஒரு பெண்ணின் மனத்தையும், அவளைச் சுற்றியுள்ள காட்டையும் குளத்தையும் பிரித்தே பார்க்க முடியாதபடி எழுதிவிட்டார் பாலமனோகரன். மான் மரை, தேன், வேட்டை, மழைக்காலத்து வெள்ளம் எல்லாமே கதையை நகர்த்துகின்றன. ஒன்றுகூட அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. சாகித்தியப் பரிசும் பெற்ற நாவல் இது. ஆசிரியர் பிறகு டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்தார். தண்ணிமுறிப்போ போரில் வெறிச்சோடிய ஊர்களுள் ஒன்றானது. ஆனால் நாவலுக்குள் அந்த ஊர் அப்படியே இருக்கிறது, பதஞ்சலி ஓடித்திரிந்த காலடித் தடங்களோடு!

1970களில் மட்டும் எப்படி இத்தனை ஈழத்து நாவல்கள் பொலபொலவென்று வந்தன தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது! அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தமிழகத்துத் தொடர்கதைகளை எதிர்பார்த்திருந்த வாசகர் கைகள் வெறுமையாகின. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் உள்ளூர் நாவல்களை வரிசையாக இறக்கியது. ஆனந்த விகடனும் குமுதமும் தாராளமாக வந்துகொண்டிருந்த காலமாக இருந்தால், தண்ணிமுறிப்புக் காட்டுப் பெண்ணுக்கு அச்சகத்தில் இத்தனை இடம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வரிசையில் 1977இல் வந்த இன்னொரு நாவல் 'சுமைகள்'. எழுதியவர் யார் தெரியுமா? பரந்தன் குமரபுரத்துப் பெண் தாமரைச்செல்வி! கிளிநொச்சி மண்ணிலேயே பிறந்து, வயல்வெளிக்கு நடுவிலேயே வாழ்ந்து, இருபத்து நான்கு வயதுக்குள் நாவல் எழுதிவிட்டார்! கிளிநொச்சி என்றால் போர், நெல், இரணைமடு என்று மட்டும் சொல்லிப் பழகிய நாக்குகளுக்கு இந்தப் பெயரையும் பழக்க வேண்டும். காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் கதையான 'பச்சை வயல் கனவு', கடல் கடந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்களின் கதையான 'உயிர்வாசம்' என்று நாவல் மேல் நாவலாக எழுதி வந்தவர் அவர். இடம்பெயர்வுகளுக்கு நடுவிலும் எழுத்தை விடவில்லை. அவருடைய கதைகளில் பிரிவு என்பது இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகுவது மட்டுமல்ல. ஒரு பாதை மூடினாலே காதலர் இருவர் பிரிந்துபோகிற மண்ணில் நின்று எழுதியவர் அவர். இயக்கத்தில் இருந்த ஒருவனை நேசித்தவளின் உலகத்தை அறிய விரும்பினால், அதற்கும் நாவல் இருக்கிறது. வெற்றிச்செல்வியின் 'போராளியின் காதலி'யைத் தேடிப் படியுங்கள்.

இனி இன்னும் பின்னால் போவோம், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! சங்க இலக்கியத்தில் பெயரிலேயே ஈழத்தைத் தாங்கிய ஒரு புலவர் இருக்கிறார். ஈழத்துப் பூதன்தேவனார். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை மூன்றிலுமாக அவருடைய பாடல்கள் ஏழு கிடைத்திருக்கின்றன. அந்த ஏழும் எதைப் பற்றித் தெரியுமா? ஏழுமே காதல்! ஒரு போர்ப்பாட்டுக்கூட இல்லை, அரசனைப் புகழ்ந்து ஒன்றுகூட இல்லை.

அகநானூற்றின் கணக்கைக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள். அதில் உள்ள 400 பாடல்களில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண் வரும் ஒவ்வொரு பாட்டும் பாலைத்திணை, அதாவது பிரிவைப் பாடுவது. மொத்தம் 200! சரிபாதி! தமிழர் தொகுத்த மாபெரும் காதல் நூலில் பாதி இடம் பிரிவுக்கு! திருக்குறளையும் பாருங்கள். காமத்துப்பாலில் 250 குறள்கள். மணவாழ்வைச் சொல்லும் கற்பியலின் முதல் அதிகாரமே 'பிரிவாற்றாமை'. அங்கே தொடங்கி 133ஆவது அதிகாரமான 'ஊடலுவகை'யில், கோபித்துக்கொண்டவர்கள் கூடும் மகிழ்ச்சியில், நூலே நிறைவுறுகிறது. இன்றைய காதல் நாவல்கள் எந்த வரிசையில் போகின்றனவோ, அந்த வரிசை வள்ளுவரிடமே இருக்கிறது!

வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போகாத வன்னிக் குடும்பம் உண்டா? கடலிலிருந்து நீர் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரித்து, வைகாசியில் பொங்குகிறோமே, அங்கே வீற்றிருக்கும் அம்மன் யார்? காதல் முறிவின் உச்சத்தைக் கண்ட கண்ணகி அல்லவா! கணவன் மாதவியிடம் போனான், எல்லாம் இழந்து திரும்பினான், அவனை ஏற்றுக்கொண்டாள், ஏற்றுக்கொண்ட சில நாட்களிலேயே அவனை அநியாயமாகப் பறிகொடுத்தாள். மதுரையை எரித்த பிறகு அவள் வந்து தங்கிய பத்தாவது இடம் வற்றாப்பளை என்பது ஊர் ஐதீகம். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடுவார்கள். பிரிந்து சேர்ந்த ஒரு தம்பதியின் கதையைக் குழந்தைகூட இரவு முழுக்க விழித்திருந்து பார்க்கும் மண் இது!

இங்கேதான் என் மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிவை இவ்வளவு அழகாகப் பாடிய நாம், பிரிவுக்குப் பிறகு வேறொரு அன்பு வருவதைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? சங்கப் பாடலில் போனவன் திரும்பி வருவான், அல்லது வருவான் என்று அவள் காத்திருப்பாள். கண்ணகிக்குக் கோவலனைத் தவிர வேறு வாழ்வு இல்லை. ஒருவனை இழந்த பெண் இன்னொருவனை நேசித்தாள் என்ற கதையைச் சொல்ல நம் பேனாக்கள் நெடுங்காலம் கூசின.

ஆனால் சட்டம் கூசவில்லை என்பது தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் எழுதிவைத்தார்களே, தேசவழமை! 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புதல் கொடுத்த அந்தச் சட்டத்தில், கணவனை இழந்த தாய் மறுமணம் செய்தால் முதல்தாரத்துப் பிள்ளைகளுக்குச் சொத்தில் என்ன பங்கு என்று விதி இருக்கிறது! முந்நூறு வருடங்களுக்கு முன்பே! மறுமணம் நடக்கலாமா என்று அந்தச் சட்டம் வாதாடவே இல்லை. நடக்கிற ஒன்றாக எடுத்துக்கொண்டு, காணி யாருக்கு, நகை யாருக்கு என்று நேரே கணக்குக்குப் போய்விடுகிறது. வாழ்க்கை எப்போதோ ஒத்துக்கொண்டதைக் கதைகள்தான் மெதுவாக ஒத்துக்கொண்டன.

அப்படி ஒத்துக்கொண்ட கதைகளும் உண்டு, அவையும் அதிசயங்கள்தான்! 1903இல் அ. மாதவையா வெளியிட்ட 'முத்துமீனாட்சி'யில், சிறுவயதில் விதவையான பெண் மறுமணம் செய்கிறாள். முதல் தமிழ் நாவல் அச்சேறி கால் நூற்றாண்டுகூட ஆகாத காலம் அது! 1914இல் யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா எழுதிய நாவலின் தலைப்பு என்ன தெரியுமா? 'நொறுங்குண்ட இருதயம்'! ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியர், கண்மணி என்ற பெண் மணவாழ்வில் பட்ட துன்பத்தைத்தான் எழுத எடுத்துக்கொண்டார். கல்கியின் 'தியாகபூமி'யில் கைவிட்ட கணவன் திரும்பி வந்து சேர்ந்து வாழக் கேட்கும்போது சாவித்திரி மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள்! 1939இல் அது படமாகவும் வந்து அமளிதுமளிப்பட்டது.

வெளியுலகத்தில் என்ன நடந்தது? ஜேன் ஒஸ்ரினின் 'பெர்சுவேஷன்' நாவலில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக் காதலனை விலக்கிய ஆன், எட்டு வருடங்களுக்குப் பிறகு அதே ஆளைச் சந்திக்கிறாள். மறுவாய்ப்புக் காதலுக்கு இன்றுவரை உலகம் காட்டுகிற முன்மாதிரி அது. ஒஸ்ரின் 1817 ஜூலையில் 41 வயதில் இறந்துபோனார். புத்தகம் வந்தது டிசம்பரில்! மார்க்கேஸின் 'கொலராக் காலத்தில் காதல்' என்ற ஸ்பானிய நாவலில் ஃபுளொரென்ரீனோ எவ்வளவு காலம் காத்திருக்கிறான் தெரியுமா? 51 வருடம், 9 மாதம், 4 நாள்! பதின்வயதினருக்கான காதல் நாவல்களின் முன்னோடி என்று அமெரிக்காவில் கொண்டாடப்படும் 'செவன்ரீந்த் சமர்' 1942இல் வந்தபோது, அதை எழுதிய மோறீன் டேலிக்கு வயது 21தான். முன்னோடிக் கதையே பிரிவில்தான் முடிகிறது! 2011இல் டேனியல் ஹாண்ட்லர் எழுதிய 'வை வி புறோக் அப்' இன்னும் விசித்திரம். மின் என்ற பள்ளி மாணவி, பிரிந்துபோன காதலனின் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை வைக்கப் போகிறாள். பெட்டிக்குள் காதல் காலத்துச் சாமான்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அத்தியாயம், மைரா கல்மன் வரைந்த ஒரு படம்!

காதல் முறிந்தால் நெஞ்சு வலிக்கிறது என்பது வெறும் கவிஞர் பேச்சில்லை என்பதும் தெரியுமா? 2011இல் ஈதன் குறொஸ் என்ற உளவியலாளரும் குழுவும், விருப்பமில்லாமல் காதலை இழந்த 40 பேரை மூளைப் படக் கருவிக்குள் படுக்கவைத்து, பிரிந்தவரின் படத்தைக் காட்டினார்கள். பிறகு கையில் சுடுகிற கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நேரமும் மூளையின் சில பகுதிகள் ஒன்றாகவே கிளர்ந்தன! அதற்கு முந்திய வருடம் ஹெலன் ஃபிஷர் குழு 15 பேரிடம் செய்த ஆய்வில், பிரிந்தவரின் முகத்தைக் கண்டதும் போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்துக்கொண்டன. ஆனால் நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. பிரிந்து நாள் கூடக் கூட, பற்றோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் கிளர்ச்சி குறைந்திருந்தது! ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாக வீடு போகிற பிள்ளைக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். "படிப்பைப் பார், இதெல்லாம் ஒரு கவலையா" என்று அதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்று இந்தக் கதைகளை யார் எழுதுகிறார்கள்? 170க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனைத் தமிழகத்தில் அறியாதவர் குறைவு. கடல் தாண்டி ஈழத்துக் கைகளிலும் அவருடைய புத்தகங்கள் கிழியக் கிழியச் சுற்றின. அந்த வாசிப்பில் வளர்ந்த ஈழத்துப் பெண்களே இப்போது எழுதுகிறார்கள்! நிதனிபிரபு, ரோசி கஜன் போன்றவர்களின் காதல் நாவல்களில் கதாபாத்திரங்கள் ஈழத்துத் தமிழ் பேசிக் காதலிக்கிறார்கள், ஈழத்துத் தமிழிலேயே கோபித்துக்கொள்கிறார்கள். பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி, அமேசானின் கிண்டில் இரண்டும் வந்த பிறகு, பதிப்பகத்தின் வாசலில் காத்து நிற்கவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. முறிந்த கலியாணம், மறுமணம், பழைய காதலை மீண்டும் சந்திப்பது எல்லாம் இந்தப் புதிய கதைகளில் கூச்சமில்லாமல் வருகின்றன. இலக்கியக்காரர் சிலர் இவற்றை ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கணவனை இழந்தவள் இன்னொரு முறை சிரிக்கலாம் என்று ஒரு கதை சொன்னால், அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும் வாசகிகள் வன்னியில் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது என்றுதானே கேட்கிறீர்கள்? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டிருக்கின்றன, காசு எதுவும் இல்லாமல்! எரிந்தும் நனைந்தும் பங்கருக்குள் உக்கியும் போன எத்தனையோ புத்தகங்கள் அங்கே மின்வடிவில் உயிரோடு இருக்கின்றன. போன் ஒன்று இருந்தால் போதும். வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் 'நிலக்கிளி', அதன் கையோடு தாமரைச்செல்வி, ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டதும் அனுக்கின் கிளிநொச்சிப் பயணம். நடுவில் மனம் கனத்தால் ஈழத்துப் பூதன்தேவனாரின் ஏழு பாட்டையும் உரையோடு எடுத்துப் படிக்கலாம், ஒரு மத்தியானம் போதும்!